முகடு ஒழுகினால் மூட்டை நனையும்

சர்க்கரை மூட்டை நனைந்த பிறகே நாம் கூரையை அண்ணாந்து பார்க்கிறோம். ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்திற்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவ மழையும் உண்டு.

1865-இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய ஆலை வழியே பரவியது மங்களூர் ஓடு. சரிவில் ஓட்டோடு ஓடு பூட்டிக்கொள்ளும். இரு சரிவுகளும் கூடும் முகட்டிலோ கலவையே காவல்.

முகட்டு ஓட்டை நீரில் ஊறவைத்தே பதிக்க வேண்டும். காய்ந்த ஓடு கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும், பிடிப்பு இராது. ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு சலித்த மணல் போதும். சாரல் அடிக்கும் பக்கத்திற்கு எதிர்முனையில் தொடங்கி, ஒவ்வோர் ஓட்டையும் முந்தைய ஓட்டின்மேல் ஏற்றி வைத்தால், இணைப்பின் வாய் சாரலுக்கு மறைவாகும். ஒரு வாரம் ஈரம் காக்க வேண்டும்.

சித்திரையிலேயே கொத்தனாரை அழைத்து முகட்டைச் சரிபார்ப்பது நமக்கு நலம்.