பூனைக்குட்டியும் மணல் டிரேயும்

டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை, ஆனாலும் முதலிலிருந்தே வருவோம். ஐந்தாறு மாதப் பூனைக்குட்டி. டிரேயைச் சுற்றி மணலை வாரி இறைக்கிறது, விளிம்பில் நின்று வெளியே பெய்துவிடுகிறது, ஒருநாள் சோபாவுக்குப் பின்னால் ஒதுங்குகிறது. வீட்டில் யாராவது ஒருவர், "வேணும்னே செய்யுது" என்பார். பூனைக்கு நம்மேல் வஞ்சம் வைக்கத் தெரியாது. எங்கே, எப்படி அசிங்கம் செய்திருக்கிறது என்று நின்று பார்த்தாலே பாதிக் காரணம் பிடிபட்டுவிடும்.

பிறந்து மூன்று வாரம்வரை தாய்ப்பூனை நக்கிவிட்டால்தான் குட்டிக்கு மூத்திரமே வரும். பிறகு தானாகப் போகத் தொடங்கும். கூடவே, கிடைக்கிற பொடி மண்ணைத் தோண்டவும் தொடங்கிவிடும். தோண்டி மூடுவது பிறவிக் குணம், யாரும் சொல்லித்தர வேண்டாம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும் தூக்கி டிரேயில் விட்டாலே பெரும்பாலான குட்டிகள் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் ஏன் வெளியே போகிறது? முதலில் டிரேயைப் பாருங்கள். இரண்டு மாதக் குட்டி ஏறி இறங்க வசதியாக வாங்கிய தட்டையான டிரே, ஆறு மாதத்தில் அதற்குப் பற்றாது. நாலு காலும் உள்ளேதான் இருக்கும், பின்பக்கம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குட்டியைப் பொறுத்தவரை அது டிரேக்குள்தான் போயிருக்கிறது! மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை அளந்து, அதில் ஒன்றரை மடங்கு நீளம் வேண்டும். கடைகளில் பூனைக்கென்று விற்கிற டிரேக்கள் பல இந்த அளவுக்கு வருவதில்லை. பாத்திரக்கடையில் துணி அடுக்கி வைக்கிற பெரிய பிளாஸ்டிக் பெட்டி கிடைக்குமே, அதை வாங்கி ஒரு பக்கச் சுவரை மட்டும் தாழ்வாக வெட்டி, வயிற்றில் கீறாதபடி விளிம்பைத் தேய்த்துவிடுங்கள். மற்ற மூன்று பக்கமும் உயரமாக இருப்பதால் மணல் இறைவதும் அடங்கும். தாழ்வாக வெட்டிய பக்கத்துக்கு முன்னால் ஒரு கால்மிதி போட்டால் காலில் ஒட்டியது அங்கேயே உதிரும்.

ஒரு பூனைக்கு இரண்டு டிரே வைப்பது நல்லது. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம், திடீரென்று சத்தம் போடுகிற வாஷிங் மெஷின் அருகிலும் வேண்டாம். மதியம் கொதிக்கிற பால்கனி குட்டிக்கு வெளியூர் மாதிரி. அவசரத்தில் அவ்வளவு தூரம் போகாது.

மணல் பொடியாக, வாசனை கலக்காததாக இருக்கட்டும். லாவண்டர் மணம் நம் மூக்குக்குத்தான் சுகம். ஈரம் பட்டால் கட்டியாகிற பெண்டோனைட் வகை, வளர்ந்த பூனைக்கு வசதி. மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டி அதைத் தின்று பார்க்கும், குடலில் அடைத்துக்கொள்ளக்கூடும். அதுவரை மரத்தூள் அல்லது காகித வகை போதும். எதுவானாலும் 5 செ.மீ. ஆழம் போட்டு, தினம் இரண்டு வேளை அள்ளுங்கள்.

இனிச் சொல்வதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். அசிங்கம் செய்த இடத்தில் நம் கை தானாக ஃபினாயில் பாட்டிலைத்தான் தேடும். தயவுசெய்து வேண்டாம். ஃபீனால் வகை ரசாயனங்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஈரத் தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே விஷம் உள்ளே போகிறது. டெட்டாலும் அந்த வகைதான். அமோனியா கலந்த திரவமோ மூத்திர வாடையையே நினைவூட்டி, குட்டியை மறுபடி அங்கே இழுக்கும். துணியால் ஒற்றி எடுத்து, தண்ணீர் விட்டுக் கழுவி, வாடையை முறிக்கிற என்சைம் கிளீனர் ஊற்றிக் காயவிடுங்கள். டிரேயைக் கழுவ சாதாரண சோப்பும் வெந்நீரும் போதும்.

மூக்கைப் பிடித்து அதில் தேய்ப்பது, அடிப்பது எல்லாம் கொடுமை. குட்டி நம்மைப் பார்த்துப் பயந்து, அடுத்த முறை கட்டிலுக்கு அடியில் மறைந்து போகும், அவ்வளவுதான்.

வாலைத் தூக்கி நடுக்கியபடி சுவரில் பீய்ச்சினால் கதை வேறு. ஆண் குட்டி வயதுக்கு வருகிறது; கருத்தடை அறுவைக்கு மருத்துவரிடம் பேசுங்கள், பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். மலம் இளகிப் போனால் முதலில் பாலை நிறுத்துங்கள், பிறகு குடற்புழு பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் டிரே அள்ளும் வேலை வேறொருவருடையது. கருவைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி பூனை மலத்தில் வந்து, தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும், அதனால் தினமும் அள்ளுவதே பாதிப் பாதுகாப்பு.

ஆண் பூனை டிரேயில் திரும்பத் திரும்பக் குந்தி முக்கி, சொட்டு மூத்திரமும் வராமல் கத்தினால், அதைக் கெட்ட பழக்கம் என்று விட்டுவிடாதீர்கள். மூத்திரக்குழாய் அடைத்திருக்கலாம், ஓரிரு நாளில் உயிரே போய்விடும். நள்ளிரவானாலும் பூனையைக் கூடையில் வைத்துக் கிளம்பிவிடுங்கள்.