மணி ஏன் செருப்பைக் கடித்தான்?

எங்க வீட்டு நாய் பெயர் மணி. நாட்டு நாய், வயசு ரெண்டு. ஒரே மாதத்தில் அப்பாவோட ரெண்டு ஜோடி செருப்பு, பாட்டியின் பாய், என் கணக்கு நோட்டு எல்லாத்தையும் குதறிவிட்டான். (நோட்டை நாய் கடித்தது என்று சொன்னதை டீச்சர் நம்பவே இல்லை. உண்மைதான் டீச்சர்!) அப்பா, "இன்னும் ஒரு செருப்பு போச்சுன்னா மாமா தோட்டத்துல கொண்டுபோய் விட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு எனக்குச் சோறே இறங்கவில்லை.

வெறிநோய்த் தடுப்பூசி போடப் போனபோது கால்நடை மருத்துவரிடம் கேட்டேன். "பகல் பூரா கட்டிப் போட்டிருக்கீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "வயிறு நிறையுது தம்பி, மூக்குக்கும் மூளைக்கும்தான் வேலையே இல்ல. அதான் அதுவே வேலை தேடிக்குது" என்றார்.

நம் மூக்கில் வாசனை அறியும் செல்கள் சுமார் 50 லட்சம். நாய்க்கு 10 கோடிக்கும் மேல்! அப்படிப்பட்ட மூக்கை ஒரே தூணில் கட்டிப் போட்டால் எப்படி இருக்கும்?

அன்று முதல் மணிக்குச் சோற்றைத் தட்டில் மட்டும் வைப்பதில்லை. மூன்று கொட்டாங்குச்சிகளைக் கவிழ்த்து, ஒன்றுக்குள் அவித்த முட்டைத் துண்டு வைப்பேன். முதல் நாள் அவன் பார்க்கவே வைத்தேன். அப்புறம்தான் மறைத்து வைத்தேன். எடுத்தவுடன் கஷ்டமாக வைத்தால் நாய்க்கு வெறுத்துவிடும். நாலாம் நாள் மூக்காலேயே தள்ளிக் கண்டுபிடித்தான் பாருங்க, எனக்குத்தான் பெருமை! பழகிவிட்டால் அதுவும் சலித்துப்போகும். அதனால் பழைய துண்டில் பொட்டுக்கடலையைச் சுருட்டி வைப்பேன், இல்லாவிட்டால் திண்ணையில் அங்கங்கே ஒளித்து வைப்பேன். பத்து நிமிஷம் தேடினால் போதும், தானாகப் போய்ப் படுத்துக்கொள்கிறான்.

சாயங்காலம் நடக்கும்போது சங்கிலியைப் பிடித்து இழுக்காதீர்கள். அவன் மோந்து பார்ப்பது நாம் பேப்பர் படிப்பது மாதிரி.

பெயர் சொல்லியும் பழக்கலாம். அமெரிக்காவில் சேசர் என்ற பார்டர் கோலி நாய் 1022 பொம்மைகளின் பெயரைக் கற்றது. 2011-ல் ஆராய்ச்சிக் கட்டுரையாகவே வந்தது. மணிக்கு இதுவரை "பந்து", "துண்டு" ரெண்டுதான் தெரியும். அடிக்காமல், சரியாகச் செய்ததும் உடனே ஏதாவது கொடுக்கணும்.

ஒரு எச்சரிக்கை. சாக்லேட், வெங்காயம், திராட்சை நாய்க்கு விஷம். வெந்த கோழி எலும்பு உடைந்து குடலில் குத்தும். பிளாஸ்டிக் கொடுத்தால் விழுங்கிவிடும்.

மூன்று வாரமாகச் செருப்பு எதுவும் போகவில்லை. மழை நாளில் மட்டும் பாய் ஓரத்தை லேசாகக் கடிக்கிறான், பாட்டி அப்பாவிடம் சொல்லவில்லை. உங்க நாய் கொட்டாங்குச்சி விளையாட்டை எத்தனை நாளில் கற்றது என்று 8-ஆ வகுப்புக்கு வந்து சொல்லுங்கள்.