விதைநெல்லும் பசிப்பிணியும்

பசித்தார்க்கு அன்னமிடுதல் பேரறமென்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வன்னம் அன்றைப் பசியையே தீர்க்கும். வரும் ஆண்டின் பசிக்கு மருந்து யாதெனின், விதையேயாம். பஞ்சத்தால் நிலைகுலைந்த உழவர் மீண்டும் ஏர்பிடிக்குமாறு துணைசெய்யும் முறையை ஈண்டுச் சுருக்கமாக ஆராயப் புகுகின்றோம்.

நம் நாட்டு உழவர் விதைநெல்லை வைக்கோற் புரியாற் கோட்டை கட்டி, சாணத்தால் மெழுகிக் காத்து வந்தனர். கொடும்பசி வந்துற்றபோது அக்கோட்டையும் அவிழும். விதை உலைக்குப் போயின், மழை பொழிந்தும் நிலம் தரிசாகவே கிடக்கும். ஒரு வருஷத்துப் பஞ்சம் பல வருஷத்துப் பஞ்சமாவது இவ்வாறே.

இதனை நன்குணர்ந்தவன் யோசேப்பு. எகிப்து நாட்டுக் குடிகளுக்கு உணவளித்ததோடு அமையாது, விதைத்தானியமும் ஈந்து, விளைவில் ஐந்திலொரு பங்கை அரசனுக்குச் செலுத்தி, எஞ்சியதை விதைக்கும் உணவுக்கும் வைத்துக்கொள்ளுமாறு அவன் பணித்தமை ஆதியாகமம் 47-ஆம் அதிகாரத்திற் காணப்படும். எனினும், அதற்கு முன்னரே அக்குடிகளின் நிலம் பார்வோனுக்கு உரியதாயிற்று என்பதையும் நாம் மறத்தலாகாது. நிலம் கைவிட்டுப் போகுமுன் செய்யும் உதவியே உதவியாம்.

இனி, அண்மைக் காலத்து வரலாறு ஒன்றை நோக்குவோம். கம்போடியா நாட்டில் 1975 முதல் 1979 வரை நடந்த கொடுங்கோலாட்சியில் உழவர் ஊர்விட்டு ஊர் பெயர்க்கப்பட்டனர். பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் ஏறக்குறைய 15 முதல் 20 லட்சம் மக்கள் மாண்டனர். வழிவழி வந்த நெல்வகைகள் பலவும் அவர்களோடு மறைந்தன. ஆயின், பிலிப்பைன்ஸ் தீவிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் அக்கேட்டிற்கு முன்னரே அந்நாட்டு நெல்விதைகளைத் திரட்டிப் பேணியிருந்தனர். 1980-ஆம் ஆண்டுகளில் 700-க்கும் மேற்பட்ட அவ்விதைகள் தாயகம் மீண்டன. வெள்ளம் உயர உயரத் தாமும் நீண்டு வளரும் ஆழ்நீர் நெற்கள் அந்நாட்டிற்கு இன்றியமையாதன. வேற்று நிலத்து விதை அவ்விடத்தைப் பெறமாட்டாது.

ஆதலின் உழவர்க்கு உதவுவார் கருதத்தக்கவை மூன்று: விதை பருவத்தே சேர்தல் வேண்டும், அது அந்நிலத்திற்கு ஏற்றதாதல் வேண்டும், அறுவடை வரை உணவும் உடனளித்தல் வேண்டும். உணவின்றி விதை மட்டும் கொடுப்பின், பசித்த பிள்ளைகளின் முகங்கண்ட தாய் அதனையே குற்றி உலையிலிடுவாள். அவளைக் குறைகூறுதல் யாருக்கும் இயலாது. இம்மூன்றும் ஒருங்கே அமையின், இன்று கையேந்தி நிற்பவனே நாளை நமக்கு உணவளிப்பவன் ஆவான்.