தோள்வலி என்று வந்தார்... கை வீசாமல் நடந்தார்!

உங்கள் வீட்டில் அறுபதைத் தாண்டிய அப்பாவோ மாமனாரோ இருக்கிறாரா? அவர் வாசலிலிருந்து தெருமுனைக்கு நடக்கும்போது பின்னால் நின்று ஒரு தடவை கவனியுங்கள். இரண்டு கையும் வீசுகிறதா? இல்லை, ஒரு கை மட்டும் உடம்போடு ஒட்டிக்கொண்டு சும்மா தொங்குகிறதா?

இதைக் கவனிக்கத் தவறியவன் நான். அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன், ரிட்டயரான பள்ளி ஆசிரியர் ஒருவர் என்னிடம் வந்தார். வலது தோளைத் தூக்க முடியவில்லை, சட்டை போடக்கூட மனைவி உதவ வேண்டியிருக்கிறது என்றார். தோள் இறுகிப்போனால் சித்த வைத்தியன் மனதில் முதலில் வருவது கும்பவாதம்தான். தைலம் கொடுத்தேன். தொக்கணம், அதாவது முறையாக அழுத்திப் பிடித்துவிடும் சிகிச்சையும் செய்தேன். அன்றைக்கு சுகமாக இருக்கும்; மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி! மூன்று மாதம் இப்படியே ஓடியது.

ஒருநாள் அவர் மனைவி சொன்னார்: "டாக்டர், இவரு கொடுத்த செக் பேங்க்லேருந்து திரும்பி வந்துடுச்சு. கையெழுத்து ஒத்துப்போகலையாம். முன்னெல்லாம் முத்து முத்தா எழுதுவாரு. இப்ப எறும்பு ஊர்ற மாதிரி எழுதுறாரு."

எனக்குச் சுருக்கென்றது. அவரை எழுந்து நடக்கச் சொன்னேன். வலது கை வீசவே இல்லை. முகத்திலும் ஒரு இறுக்கம். அதை 'வாத்தியார் கண்டிப்பு' என்று நானாகவே நினைத்திருந்தேன்! கை நடுக்கம் மட்டும் துளியும் கிடையாது. அதில்தான் ஏமாந்துபோனேன். நரம்பியல் நிபுணரிடம் அனுப்பினேன். பார்க்கின்சன் நோய் என்று உறுதியானது.

1817-ல் லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்து எழுதியதால் இந்தப் பெயர். நாங்கள் நடுக்குவாதம் என்போம். பெயரில் நடுக்கம் இருப்பதால், நடுங்கினால்தான் இந்த நோய் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் குறையக் குறைய, தசைகள் இறுகுகின்றன, அசைவு மந்தமாகிறது. அசையாத தோள் வலிக்கும். கூன் விழுந்த முதுகு வலிக்கும். சிலருக்கு இந்த வலிதான் முதல் அறிகுறியே!

லெவோடோபா மாத்திரை ஆரம்பித்த சில வாரங்களில் வாத்தியார் தானாகவே சட்டை போட ஆரம்பித்தார். என் தைலத்தால் முடியாததை மாத்திரை செய்தது. ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

அதற்காக பார்க்கின்சன் வந்தவருக்கு வரும் வலியெல்லாம் பார்க்கின்சன் வலி என்றும் முடிவுகட்டாதீர்கள். முழங்கால் தேய்மானம் அவருக்கும் வரும். எது எந்த வலி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். மாத்திரை எத்தனை மணிக்கு, வலி எத்தனை மணிக்கு, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்... ஒரு வாரம் எழுதுங்கள். விடிகாலையில், அன்றைய முதல் மாத்திரைக்கு முன் முதுகு இறுகுகிறது, கால் விரல் மடங்கி இழுக்கிறது, மாத்திரை வேலை செய்ததும் விட்டுவிடுகிறது என்றால் அது நோயின் வலி. மாத்திரையின் அளவையோ நேரத்தையோ நரம்பியல் டாக்டர்தான் மாற்ற வேண்டும். மாத்திரை நேரத்தோடு சம்பந்தமில்லாமல், மாடி ஏறினால் மட்டும் முழங்கால் வலிக்கிறதா? அது பெரும்பாலும் மூட்டு வலி. அங்கேதான் என் ஒற்றடத்துக்கு வேலை.

நொச்சி இலையை விளக்கெண்ணெய் விட்டு வதக்கி, துணியில் முடிந்து பத்து நிமிஷம் ஒற்றடம் கொடுக்கலாம். சூட்டை முதலில் உங்கள் முழங்கையில் வைத்துப் பாருங்கள். உளுந்து தைலத்தை இளஞ்சூட்டில் மெதுவாகத் தடவலாம். ஆனால் உள்ளங்காலில் எண்ணெய் ஒட்டியிருந்தால் துடைத்துவிட்டுத்தான் எழுப்ப வேண்டும். இவர்களுக்கு எழுந்ததும் பிரஷர் இறங்கித் தலைசுற்றும். எண்ணெய் தேய்த்து, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி, வழுக்கும் பாத்ரூமில் தனியாக விடுவது இடுப்பு எலும்பை நாமே முறிப்பது மாதிரி. நாற்காலி போட்டு உட்கார வைத்துக் குளிப்பாட்டுங்கள்.

இனி பூனைக்காலி விஷயம். "டாக்டர், அதுவும் லெவோடோபாதானாமே? நாட்டு மருந்துக் கடையில பவுடர் வாங்கிச் சேர்த்துக் கொடுக்கட்டுமா?" என்று கேட்காத வீடு இல்லை. உண்மைதான். பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்து 1937-ல் எழுதியவர்கள் நம் சென்னையில் ஆராய்ச்சி செய்த தாமோதரனும் ராமஸ்வாமியும்தான். அதனாலேயே நீங்களாகச் சேர்க்கக் கூடாது! கடைப் பவுடரில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மாத்திரையோடு சேர்ந்து அளவு கூடினால் குமட்டல், தலைசுற்றல், கைகால் தானாக முறுக்கிக்கொண்டு ஆடுவது, இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிவது எல்லாம் வரும். அதைவிட ஆபத்து, பவுடரை நம்பி மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது. உடம்பு கட்டையாக இறுகி, காய்ச்சல் ஏறி, உயிருக்கே உலை வைத்துவிடும்.

மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு கொடுப்பது நல்லது. பருப்பு, முட்டை, பாலில் உள்ள புரதம் மருந்து உடம்பில் ஏறுவதைத் தடுக்கும். இரும்பும் அப்படித்தான். ஆகவே அயச்செந்தூரம் சாப்பிடுகிறவர்கள் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இதை எங்கள் ஆட்களே பல பேர் சொல்வதில்லை. வாந்தி வந்தால் கடையில் கேட்டு மாத்திரை வாங்காதீர்கள். மெட்டோக்ளோப்ரமைடு என்ற வாந்தி மருந்து இந்த நோயையே அதிகமாக்கும்.

கீழே விழுந்த பிறகு வந்த முதுகுவலி, காய்ச்சலோடு வரும் வலி, கால் மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்பாடு தவறுவது... இதிலெல்லாம் தைலத்தைத் தொடவே வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

வாத்தியாருக்கு முழங்கால் வலி இன்னும் இருக்கிறது. ஒற்றடத்துக்கு வந்து போகிறார். தினமும் பத்து நிமிஷம் சுவரில் முதுகை ஒட்டி நிமிர்ந்து நிற்கிறார். வராந்தாவில் "ஒண்ணு, ரெண்டு" என்று சத்தமாக எண்ணிக்கொண்டு நடக்கிறார். பேங்கில் புது மாதிரிக் கையெழுத்தும் கொடுத்தாகிவிட்டது. கோடு போட்ட நோட்டில் எழுதினால் எழுத்து அவ்வளவாகச் சுருங்குவதில்லை என்று கண்டுபிடித்தவர் அவர் மனைவி. இப்போது தினம் ஒரு பக்கம் டிக்டேஷன் போடுவதும் அந்த அம்மாதான்.