உழாத நிலத்தின் விளைவும் உழைப்போர் உரிமையும்

பாரியின் பறம்புமலையைப் பகைவர் முற்றுகையிட்டபோது, அம்மலையை எளிதில் வெல்ல இயலாது என்று கூறவந்த கபிலர், அதற்கொரு பொருளியல் காரணமும் காட்டினார். மூங்கில் நெல், பலா, வள்ளிக் கிழங்கு, தேன் என்னும் நான்கும் உழவர் உழாமலேயே அங்கு விளையும் என்பது அவர்தம் வாதம். புறநானூற்றில் இடம்பெறும் இச்செய்தியை வகுப்பறையில் பெரும்பாலும் இலக்கிய நயத்திற்காகவே கற்பிக்கின்றோம். ஆயின், காடுபடு பொருளைத் தேடித் திரட்டி வாழும் வாழ்க்கை கொங்கு நாட்டின் மலை விளிம்புகளில் இன்றும் ஒரு தொழிலாக நிலவுகின்றது. அத்தொழில் எவ்வாறு நடைபெறுகின்றது, அது நிலைத்திருக்க வேண்டுவன யாவை என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலையும் மக்களும்

1986-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பெற்ற நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம், இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாகும். தமிழ்நாடு, கேரளம், கருநாடகம் ஆகிய மூன்று மாநிலங்களிலும் பரவியுள்ள இதன் பரப்பு 5,520 சதுர கிலோமீட்டர். கோவை மாவட்டத்து மலைச்சரிவுகளிலும், நீலகிரியிலும், சத்தியமங்கலத்து மலைகளிலும் இருளர், குறும்பர், ஊராளி, சோளகர் முதலிய பழங்குடியினர் வாழ்கின்றனர். கோடையில் மலைத்தேன், பனிக்காலத்தில் நெல்லிக்காய், அவற்றோடு கடுக்காய், பூந்திக்கொட்டை, சீயக்காய், துடைப்பப் புல் எனப் பருவத்துக்கேற்ப இவர்கள் திரட்டும் பொருள்கள் பல. கோவையின் நாட்டு மருந்துக் கடைகளிலும் மளிகைக் கடைகளிலும் நாம் வாங்கும் பொருள்கள் சிலவற்றின் தொடக்கம் இத்தகைய மலைகளிலேயே உள்ளது.

திரட்டியவர் ஒருவர், விலை கூறியவர் வேறொருவர் என்பதே நெடுங்கால நிலையாக இருந்தது. சிறு வன மகசூலைத் திரட்டும் உரிமை ஏலத்தில் விடப்பட்டபோது, ஏலம் எடுத்த குத்தகைதாரர் கொடுத்ததே கூலியாயிற்று. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இந்நிலையை மாற்ற வழிவகுத்தது. மரபாகத் திரட்டி வந்த சிறு வன மகசூலின் உடைமையும், அதனைத் திரட்டவும் பயன்படுத்தவும் விற்கவுமான உரிமையும் காடுவாழ் மக்களுக்கே உரியன என்று அச்சட்டம் ஏற்றது. தேன், மெழுகு, மூங்கில், மூலிகை, வேர், கிழங்கு ஆகியன யாவும் அவ்வரையறையுள் அடங்கும்.

ஆதிமலை காட்டும் வழி

உரிமை ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. அதனைக் கையாளும் அமைப்பும் வேண்டும். அதற்கொரு சான்று நம் அருகிலேயே உள்ளது. 1993-இல் தொடங்கப்பெற்றுக் கோத்தகிரியில் நிலைகொண்ட கீஸ்டோன் அறக்கட்டளை, மலைத்தேன் எடுப்போரிடையே தன் பணியைத் தொடங்கியது. அம்முயற்சியின் வளர்ச்சியாக 2013-இல் ஆதிமலைப் பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் உருவாயிற்று. பழங்குடியினரே உறுப்பினர், அவர்களே நிர்வாகிகள். 147 ஊர்களைச் சார்ந்த ஏறத்தாழ 1,700 உறுப்பினர்களைக் கொண்டிருந்த இந்நிறுவனம், 2021-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசைப் பெற்றது.

இதன் செய்முறை எளிது. ஊரில் திரட்டிய பொருளும், சொந்த நிலத்தில் விளைந்த தானியமும் மிளகும் காப்பியும் அருகிலுள்ள நிலையத்திற்கு வருகின்றன. அங்கு எடையிட்டு, தூய்மை செய்து, உலர்த்தி, பொட்டலமிடுகின்றனர். இவ்வேலைகள் மலையிலேயே நடைபெறுவதால் அவற்றின் கூலியும் மலையிலேயே தங்குகின்றது. பச்சைப் பொருளை மூட்டையாக விற்பவருக்குக் கிடைப்பது ஒரு பங்கு. பக்குவப்படுத்தி விற்பவருக்கோ பல பங்கு. இவ்வேறுபாடே இத்தொழிலின் உயிர்நாடி எனலாம்.

அளவறிந்து எடுத்தல்

இங்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. நல்ல விலை கிடைப்பின் காடு முழுவதையும் வழித்தெடுக்கமாட்டார்களா? இது புறக்கணிக்கத்தக்க வினா அன்று. பெருந்தேனீக்களின் அடையில் தேன் தேங்கும் பகுதி வேறு, புழுக்கள் வளரும் பகுதி வேறு. தேன் பகுதியை மட்டும் அறுத்துப் புழுப் பகுதியை விட்டுவைத்தால் கூட்டம் மீண்டும் தழைக்கும். அடை முழுவதையும் வீழ்த்தினால் அடுத்த தலைமுறை அழியும். வள்ளிக் கிழங்கை அகழ்வோர், கொடியோடு ஒட்டிய தலைப்பகுதியைக் குழியிலேயே இட்டு மண் மூடும் வழக்கமும் மலைவாழ் மக்களிடம் உண்டு. நெல்லிக்காய்க்காகக் கிளையை வெட்டினால் இவ்வாண்டு வேலை குறையும். அடுத்த ஆண்டு காயே குறையும்.

எடுப்பவர் அளவறிந்தாலும் காடு வேறு காரணங்களால் நலிவதுண்டு. சத்தியமங்கலத்தை அடுத்துள்ள பிலிகிரிரங்கன் மலையில், புல்லுருவி பற்றியதால் நெல்லி மரங்கள் நலிவதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். அயல்நாட்டிலிருந்து வந்த உண்ணிச்செடி நம் காடுகளில் பரவி இளங்கன்றுகளை நெருக்குவதும் கண்கூடு. இத்தகைய மாற்றங்களை முதலில் காண்பவர் நாள்தோறும் காட்டில் நடப்பவரே. நாளையும் இம்மரம் நமக்கு உரியது என்ற உறுதி இருப்பவரே கிளையை விட்டுவைப்பார். நாளை யாருக்கோ என்றிருப்பவர் இன்றே வெட்டுவார். எனவே உரிமையும் அளவும் ஒன்றையொன்று தாங்கும் இரு தூண்களாகும்.

வளர்த்தலும் விற்றலும்

காட்டிலிருந்து எடுப்பதற்கு எல்லை உண்டாதலின், வேண்டிய செடியை நிலத்தில் வளர்ப்பதே அடுத்த படி. ஆனால் அங்கும் எச்சரிக்கை வேண்டும். குறிஞ்சிப்பாட்டில் அடுக்கப்பெறும் 99 பூக்களுள் முதலாவதாக நிற்பது செங்காந்தள். அதுவே இன்று தமிழ்நாட்டின் மாநில மலர். கண்வலிக்கிழங்கு என்னும் பெயரில் மூலனூர், தாராபுரம் வட்டாரங்களில் உழவர் அதனைப் பயிரிடுகின்றனர். அதன் விதையிலுள்ள கோல்ச்சிசின், கீல்வாத மருந்துக்கு உதவுகின்றது. நட்டவர் கையாலேயே மகரந்தச் சேர்க்கை செய்ய வேண்டிய அளவு உழைப்பு மிக்க பயிர் இது. ஆயினும், விதையை வாங்குவோர் சிலரே ஆதலின், விலை ஏறுவதும் வீழ்வதும் உழவர் கையில் இல்லை. நாட்டுச் செடி என்பதனாலேயே நல்வாழ்வு வந்துவிடாது என்பதற்கு இஃது ஒரு பாடம்.

இரசாயனம் தவிர்த்த வேளாண்மைக்குக் கொங்கு நாட்டில் முன்னோடிகள் உளர். கொடுமுடி மருத்துவர் கே. நடராசன் பஞ்சகவ்வியத்தைப் பயிர்களுக்குப் பயன்படுத்தும் முறையைப் பரப்பினார். மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில் சிறு கடை நடத்திச் சேமித்த பணத்தில் நிலம் வாங்கி, முதுமையிலும் இயற்கை வேளாண்மை செய்த பாப்பம்மாள், 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்று 2024-இல் மறைந்தார். பெருமுதல் இன்றியும் தொடங்கலாம் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

தொடங்க விரும்பும் இளைஞர் நாற்றங்காலிலிருந்து தொடங்குதல் நன்று. ஒரே மரத்தில் விதை எடுக்காமல், நலமுள்ள பல மரங்களிலிருந்து முதிர்ந்த விதைகளை எடுக்க வேண்டும். நெல்லிக் கொட்டையை வெயிலில் உலர்த்தினால் வெடித்து விதை வெளிப்படும். பூந்திக்கொட்டை போன்ற தடித்த தோலுடைய விதைகளை ஊறவைத்தல் வேண்டும். செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் கலந்த பைகளில் நிழலில் வளர்த்த கன்றுகளை, கொங்குச் சமவெளியில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டிப் புரட்டாசி, ஐப்பசியில் நடலாம். விலை குறிக்கும்போது, பறித்த எடையைக் கொள்ளாது உலர்ந்தபின் நிற்கும் எடையைக் கொண்டே கணக்கிட வேண்டும். இதனை மறந்த சிறு தொழில்கள் நட்டமடைவது திண்ணம்.

இரசாயனம் இல்லை என்று வாயால் கூறினால் மட்டும் வாங்குவோர் நம்பிக்கை நிலைக்காது. தமிழ்நாடு அரசின் அங்ககச் சான்றளிப்புத் துறை கோவையிலேயே உள்ளது. சான்று பெறுவதற்கு முன் நிலம் மாறுதற்காலத்தைக் கடக்க வேண்டும். காட்டில் திரட்டும் பொருளுக்கும் அங்ககச் சான்று பெறலாம். ஆனால் தடைசெய்யப்பட்ட மருந்து படாத இடமாக இருத்தலும், காடு தாங்கும் அளவுக்கு மேல் எடுக்காமையும் அதற்குரிய விதிகள். மலைவாழ் மக்கள் வழக்கத்தால் அறிந்திருந்த அளவை, இன்று ஏட்டுவிதியும் வற்புறுத்துகின்றது.

முடிவாக

காட்டுப் பொருளை வாங்கும் நாமும் இத்தொழிலில் பங்குடையோம். மலிவு ஒன்றையே நாடினால், கிளையை வெட்டும் கைக்கு நாமே அரிவாள் கொடுத்தவராவோம். தேன் புட்டியைக் கையில் எடுக்கும்போது, இதனைத் திரட்டியவர் யார், அவருக்குச் சேர்ந்த பங்கு என்ன, அடை மீண்டும் தழைக்க இடம் விடப்பட்டதா என்னும் மூன்று வினாக்களைக் கேட்கும் பழக்கம் மாணவர்க்கு வருதல் வேண்டும். விடுமுறை நாள்களில் ஒரு நாற்றங்காலையோ, மலையடிவாரத்து உற்பத்தியாளர் நிலையத்தையோ சென்று காணுதல் அதற்கு நல்ல தொடக்கமாகும். உழாமல் விளைந்ததாயினும் உழைக்காமல் கிடைத்ததன்று காட்டுப் பொருள். அவ்வுழைப்புக்கு உரிய விலையும் உரிமையும் கிடைக்குமாயின், மலையும் வாழும். மலையை நம்பியோரும் வாழ்வர்.