ஆசிரியப் பணிக்குச் செல்லும் வழி

போரூருக்கும் பூவிருந்தவல்லிக்கும் இடையே அமைந்துள்ளது ஐயப்பன்தாங்கல். அவ்வூர்ப் பணிமனையில் மாநகரப் பேருந்து ஏறும் ஒருவர், நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையிலுள்ள பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகத்தைக் காலைப் பொழுதுக்குள் அடைந்துவிடலாம். 1987இல் தோற்றுவிக்கப்பட்ட ஆசிரியர் தேர்வு வாரியம் அங்குதான் இயங்குகிறது. ஆனால், அவ்வூரில் பதினோராம் வகுப்புப் பயிலும் மாணவி ஒருத்தி அவ்வாரியத்தின் தெரிவுப் பட்டியலில் இடம்பெறுவதற்குப் பல ஆண்டுகள் ஆகும்.

மேல்நிலைக் கல்விக்குப்பின் ஈராண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயம் பெறுவோர் இடைநிலை ஆசிரியர் ஆகலாம். பட்டத்துடன் கல்வியியல் பட்டமும் பெறுவோர் பட்டதாரி ஆசிரியர் ஆகலாம். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்குப் பாடம் நடத்த முதுகலைப் பட்டமும் வேண்டும்.

முன்னாளில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவுசெய்துவிட்டு, பதிவுமூப்பு வரும்வரை காத்திருந்தவர் பலர். தலை நரைத்தபின் நியமன ஆணை பெற்றோரும் உண்டு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தபின், எட்டாம் வகுப்பு வரை கற்பிப்போருக்கு ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயமாயிற்று. 150 மதிப்பெண்ணுக்கு 90 பெறுதல் வேண்டும் என்பது விதி.

தமிழகத்தில் முதல் தகுதித் தேர்வு 2012 ஜூலை 12 அன்று நடைபெற்றது. எழுதியோர் ஆறு லட்சத்திற்கும் மேற்பட்டோர். தேர்ச்சி பெற்றோர் 2,500 பேருக்கும் குறைவு. எழுதியவர்களின் தரத்தை மட்டும் குறைகூறுதல் பொருந்தாது. 150 வினாக்களுக்கு அன்று அளிக்கப்பட்ட நேரம் 90 நிமிடங்களே! அவ்வாண்டு அக்டோபரில் நடந்த துணைத் தேர்வில் நேரம் மூன்று மணியாக உயர்த்தப்பட்டது. தேர்ச்சியும் பன்மடங்கு பெருகியது. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 2014இல் 5 விழுக்காடு தளர்வு வழங்கப்பட்டது.

தேர்ச்சி பெற்றவர்க்கெல்லாம் பணி கிடைத்ததா? இல்லை. பட்டதாரி ஆசிரியர் தெரிவில் தகுதித் தேர்வுக்கு 60, பட்டப்படிப்புக்கு 15, கல்வியியலுக்கு 15, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 10 என 2014இல் கணக்கிட்டனர். மதிப்பெண்களை அள்ளி வழங்காத காலத்தில் பன்னிரண்டாம் வகுப்பு பயின்ற மூத்தோர், இக்கணக்கில் இளையோருக்குப் பின்தள்ளப்பட்டனர். அவர்களது மனக்குறை நியாயமானதே. 2018இல் அம்முறை கைவிடப்பட்டு, தகுதித் தேர்வுக்குப்பின் தனிப் போட்டித் தேர்வு என்னும் நடைமுறை அறிவிக்கப்பட்டது. ஆயினும், பட்டதாரி ஆசிரியருக்கான போட்டித் தேர்வு 2024 பிப்ரவரி 4 அன்றுதான் நடைபெற்றது. தகுதித் தேர்வில் வென்றும் இடைப்பட்ட ஆண்டுகளைத் தனியார் பள்ளியின் குறைந்த ஊதியத்தில் கழித்தவர்கள் பலர்.

சான்றிதழ் சரிபார்ப்பில் தடுமாறுவோரும் உளர். முதுகலை ஆசிரியர் பணிக்கு இளங்கலையிலும் முதுகலையிலும் ஒரே பாடம், அல்லது அதற்கு இணையானதாக அரசு ஏற்ற பாடம் இருத்தல் வேண்டும். புதுப்பெயர் தாங்கிய பட்டங்கள் பல அப்பட்டியலில் இல்லை. ஆதலால், கல்லூரியில் சேருமுன்னரே இணைத்தன்மை அரசாணையைப் பார்த்தல் வேண்டும்.

தமிழ்வழியில் பயின்றோருக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பள்ளிக் கல்வி முழுவதையும் தமிழ்வழியில் பயின்றிருத்தல் வேண்டும். அதற்கான சான்றினைப் பயின்ற பள்ளியின் தலைமையாசிரியரே வழங்குவார். மாற்றுச் சான்றிதழ் வாங்கும் நாளிலேயே அதனையும் கேட்டுப் பெற்றுக்கொள்வது நலம்.