செய்தியும் முன்கதையும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக மலையேறினால் 22 கொண்டையூசி வளைவுகளுக்கு அப்பால் பொன்முடி வருகிறது. அம்மலைச் சரிவுகளிலுள்ள தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து கிள்ள வந்து, தலைமுறைகளாகத் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் உண்டு. வீட்டிலே தமிழ், பள்ளிக்கூடத்திலும் கடைத்தெருவிலும் மலையாளம். ஒரே நிகழ்ச்சியை இரு மொழிகளில் கேட்கும் வாய்ப்பு அவர்களுக்கு நாள்தோறும் கிட்டுகிறது. மும்பையிலும் டில்லியிலும் பெங்களூரிலும் வாழும் தமிழருக்கும் ஏறக்குறைய இதே நிலைதான். இந்த வாய்ப்பு ஒரு வரம். சில வேளைகளில் சங்கடமும் ஆவதுண்டு.

2011-ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் அது பெருஞ்சங்கடமாயிற்று. இடுக்கி ஜில்லாவில் அவ்வாண்டு சிறு நில அதிர்ச்சிகள் தோன்றின; முல்லைப் பெரியாற்று அணை பற்றிய பழைய தகராறு மீண்டும் கிளர்ந்தது. தமிழ்நாட்டு அரசாங்கம் ‘டேம் 999’ என்ற திரைப்படத்தைத் தடை செய்தது. டிசம்பரில் குமுளி வழியே போக்குவரத்து நின்றது. இடுக்கியின் ஏலத் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர் பலர் அஞ்சி, தேனி ஜில்லாவுக்குத் திரும்பினர். தமிழ்நாட்டில் கேரளத்தவரின் கடைகள் தாக்கப்பட்டன. தமிழ்ப் பத்திரிகையைப் படித்தவர் ஒரு கதையை அறிந்தார். மலையாளப் பத்திரிகையைப் படித்தவர் வேறொரு கதையை அறிந்தார். பெரும்பாலும் எவரும் பொய் எழுதவில்லை. கதையை எங்கே தொடங்குவது என்பதில்தான் வேற்றுமை.

தமிழ்ப் பத்திரிகையில் கதை பஞ்சத்தில் தொடங்கும். 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியை வாட்டிய பெரும் பஞ்சம். அதன்பின் மேற்கே ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்ப வேண்டுமென்று வலுத்த முயற்சி. 1886 அக்டோபர் 29-ஆம் தேதி திருவிதாங்கூருடன் செய்துகொண்ட 999 ஆண்டுக் குத்தகை. பென்னிகுயிக் 1895-இல் முடித்த அணை. இன்று தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் ஆகிய ஐந்து ஜில்லாக்களின் நெல்லும் குடிநீரும்.

மலையாளப் பத்திரிகையிலோ கதை 1979-இல் தொடங்கும். அவ்வாண்டு ஆகஸ்டில் குஜராத்தில் மோர்வி நகருக்கு மேலேயிருந்த மச்சு அணை உடைந்து பெருந்தொகையினர் மாண்டனர். சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டிய பழைய அணையின் கீழே வாழ்வோர் உறக்கமிழந்தது இயல்பே. நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. அதன்பின் தமிழ்நாட்டுப் பொறியாளர்கள் அணையின் தலைமேல் கான்கிரீட் சுமையேற்றி, இரும்பு வடங்களால் பாறையோடு பிணைத்து, பின்புறம் கான்கிரீட் சுவர் எழுப்பி வலுப்படுத்தினர். இந்த வேலைகளை மலையாளப் பத்திரிகைகள் அரிதாகவே எடுத்துரைத்தன. மோர்வியைத் தமிழ்ப் பத்திரிகைகளும் அவ்வாறே அரிதாகக் குறிப்பிட்டன.

இதைவிட விசித்திரமானது ஒன்றுண்டு. அணைக்குக் கீழே முதலில் வருவது வண்டிப்பெரியாறு. அங்குள்ள தேயிலைத் தோட்டங்களின் லயங்களில் வாழ்வோரில் தமிழர் ஏராளம். ‘மலையாளிகளின் பயம்’ என்று ஒரு பக்கமும், ‘தமிழரின் பிடிவாதம்’ என்று மறுபக்கமும் எழுதப்பட்ட நாட்களில், அணையைக் கண்டு அஞ்சிய இந்தத் தமிழர் எந்தப் பக்கத்தில் அடங்குவர்? இரண்டு கதைகளிலும் அவர்களுக்கு இடமில்லாது போயிற்று.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவர்களுக்குச் சொற்களின் மீதுதான் முதலில் கண் செல்லும். மலையாளத்தில் ‘வெள்ளம்’ என்றால் தண்ணீர். கேரளத்துக்குக் குடிவரும் தமிழர் இதை முதல் நாளே உணவு விடுதியில் கற்றுக்கொள்கின்றனர். நாம் வெள்ளம் என்பதை அவர்கள் ‘பிரளயம்’ என்பர். நமக்குப் பிரளயம் என்பது யுகமுடிவு. 2018 ஆகஸ்டில் கேரளத்தில் 400-க்கு மேற்பட்டோர் மாண்ட பெருவெள்ளத்தை அந்நாட்டுப் பத்திரிகைகள் பிரளயம் என்றபோது, மிகைப்படுத்துகிறார்கள் என்று எண்ணிய தமிழரும் உண்டு. மிகை ஏதுமில்லை; அது அவர்களுடைய அன்றாடச் சொல். அணையைப் பற்றி அவர்கள் சொல்லும் ‘ஆசங்க’ என்பதும் அத்தகையதே. அவர்களுக்கு அது மனக்கலக்கம். பழைய தமிழ் நூல்களில் ஆசங்கை என்பது ஐயம். கலங்கி நிற்பவனை ஆட்சேபம் கிளப்புகிறவனாகக் காட்டிவிட, மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லே போதும்.

அதே 2018-இல் முல்லைப் பெரியாற்றிலிருந்து திடீரென நீர் திறக்கப்பட்டதும் வெள்ளத்துக்கு ஒரு காரணம் என்று கேரள அரசாங்கம் சுப்ரீம் கோர்ட்டில் கூறியது. தமிழ்நாடு மறுத்தது. கடுமழையே முக்கியக் காரணம் என்று மத்திய நீர் ஆணையம் அறிக்கை தந்தது. இம்மூன்றையும் ஒருசேர அச்சிட ஒரு பத்திக்கு மேல் வேண்டியதில்லை.

பொன்முடித் தமிழர் தம் அயலில் கண்ட இதே சங்கடத்தைத்தான் பாலஸ்தீனச் செய்திகளில் உலகமே காண்கிறது. அங்கே இழப்பு அளவிறந்தது. எனவே சொல்லின் சுமையும் அளவிறந்தது. 1948-ஆம் ஆண்டுப் போரை இஸ்ரேலியர் சுதந்திரப் போர் என்கின்றனர். ஐரோப்பாவில் 60 லட்சம் யூதர் கொல்லப்பட்ட கொடுமையிலிருந்து தப்பியோருக்கு அது புகலிடத்தின் பிறப்பு. பாலஸ்தீனர் அதே நிகழ்ச்சியை ‘நக்பா’, அதாவது பேரழிவு, என்கின்றனர். அப்போது 7 லட்சம் பேருக்கு மேல் வீடிழந்து அகதிகளாயினர்.

பாதுகாப்புக் கவுன்சில் 1967 நவம்பர் 22-ஆம் தேதி நிறைவேற்றிய 242-ஆம் தீர்மானம் மொழிபெயர்ப்பாளர் அனைவரும் அறிய வேண்டியது. அண்மைப் போரில் கைப்பற்றிய ‘பிரதேசங்களிலிருந்து’ இஸ்ரேலியப் படைகள் விலக வேண்டும் என்கிறது ஆங்கில மூலம். ‘அந்த’ என்று பொருள்படும் சுட்டு அதில் இல்லை. பிரெஞ்சு மூலத்தில் அச்சுட்டு உண்டு. சில பிரதேசங்களா, எல்லாமா என்ற வாதம் இன்றளவும் ஓயவில்லை. தமிழில் அத்தகைய சுட்டுச் சொல்லே கிடையாது. நாம் எப்படி எழுதினாலும் வாதத்தின் ஒரு பாதி கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். அடுத்த வாக்கியத்தில் விளக்கம் தந்தாலன்றி வாசகருக்கு நியாயம் செய்ததாகாது.

வினைச்சொல்லும் அப்படித்தான். ‘கொன்றனர்’, ‘கொல்லப்பட்டனர்’, ‘பலியாயினர்’, ‘உயிரிழந்தனர்’. இந்நான்கில் முதலாவது மட்டுமே செய்தவரைக் கேட்கிறது. கடைசி இரண்டும் நோயாலும் நேரலாம். 2023 அக்டோபர் 7-ஆம் தேதி ஹமாஸ் படையினர் நடத்திய தாக்குதலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டனர். சுமார் 250 பேர் பிணையாகக் கடத்தப்பட்டனர். அதன்பின் இஸ்ரேல் நடத்திய போரில் காஸாவில் மாண்டோர் தொகை 2025 ஜூலை இறுதியில் 60,000-ஐத் தாண்டியதாக அங்குள்ள சுகாதார இலாகா அறிவித்தது. ஒரு தரப்பினரைக் ‘கொன்றனர்’ என்றும், மறு தரப்பினர் ‘உயிரிழந்தனர்’ என்றும் ஒரே பக்கத்தில் எழுதுவது பட்சபாதமே. அக்டோபர் 7-இல் கதையைத் தொடங்குவோர் 1948-ஐயும் 1967-ஐயும் விழுங்கிவிடுகின்றனர். 1948-இல் தொடங்கி அக்டோபர் 7-ஐ ஒரே வரியில் தாண்டுவோரும் அத்தகையோரே.

அப்படியானால் இரு தரப்புக்கும் சம வரிகள் தந்துவிட்டால் போதுமா? போதாது. பிபிசி நிர்வாகக் குழு நியமித்த குவென்டின் தாமஸ் குழு 2006-இல் தந்த அறிக்கையில், அந்த ஸ்தாபனம் வேண்டுமென்றே பட்சபாதம் காட்டவில்லை என்று கூறியது. ஆனால் ஒரு தரப்பு ஆள்கிறது, மறு தரப்பு ஆக்கிரமிப்பின் கீழ் வாழ்கிறது என்னும் ஏற்றத்தாழ்வை அதன் செய்திகள் போதிய அளவு உணர்த்தவில்லை என்றும் கூறியது. முல்லைப் பெரியாற்றை இதனோடு முழுதும் ஒப்பிடலாகாது. அங்கே இரு மாநிலங்களும் ஒரே அரசியல் சட்டத்தின் கீழ், ஒரே கோர்ட்டின் முன் நிற்கின்றன.

அந்தக் கோர்ட்டு 2014 மே 7-ஆம் தேதி அளித்த தீர்ப்பு, 142 அடி வரை நீர் தேக்கலாமென்றது. அதைத் தடுக்கக் கேரளம் 2006-இல் இயற்றிய சட்டத்தைச் செல்லாதென்றது. தமிழில் அது வெற்றி, மலையாளத்தில் பின்னடைவு. அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருந்தது. மத்திய நீர் ஆணையத்தின் பிரதிநிதி தலைமையில், தமிழ்நாட்டிலிருந்து ஒருவரும் கேரளத்திலிருந்து ஒருவரும் சேர்ந்து அணையை மேற்பார்வையிட வேண்டுமென்று அது அன்று கூறியது. மூவரும் ஒன்றாக அணைமேல் நின்று ஒரே அளவுகோலைப் பார்ப்பது, எந்த மொழியிலும் பெரிய எழுத்தில் வரத் தக்க செய்தியாகக் கருதப்படவில்லை.